மலைப்பாதையில் சைக்கிள்: பாடசாலைப் பிள்ளைகளுக்கும் குடும்பத்தினருக்குமான முழுமையான பயிற்சி வழிகாட்டி

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வளரும் பிள்ளை சைக்கிள் ஓட்டப் பழகுவதை யாரும் ஒரு பாடமாகக் கருதுவதில்லை. தரை எங்கும் சமம். அண்ணனின் பெரிய சைக்கிளில் பாருக்கு அடியால் காலை விட்டு இரண்டு நாள் விழுந்து எழும்பினால், மூன்றாம் நாள் கடைக்குப் போய்வரும் அளவுக்குக் கை வந்துவிடும். ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ பண்டாரவளையிலோ நிலைமை வேறு. இங்கே தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலைத் தாண்டியதுமே பாதை ஒன்றில் ஏறும், அல்லது இறங்கும். சமமாக இருப்பது, தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களமும் பாடசாலை மைதானமும் மட்டுமே. சமவெளிப் பிள்ளைக்குச் சைக்கிளை ஓட வைப்பதுதான் சிரமம். மலைப் பிள்ளைக்கு அது தானாகவே ஓடும். நிற்க வைப்பதுதான் சிரமம்.

ஆகையால் இந்த வழிகாட்டி ஒரு பிடிவாதத்துடன் எழுதப்படுகின்றது. மலைநாட்டில் பிள்ளைக்கு முதலில் கற்பிக்க வேண்டியது நிறுத்துவது. நெடுந்தூரம் ஓட்டுவது அதற்குப் பிறகு. இந்தப் பிடிவாதத்துக்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகும் பாதையின் இறக்கத்தில் நான் ஓட்டி வந்த பழைய சைக்கிளின் முன்பிரேக் கம்பி அறுந்தது. பின்பிரேக் ஏற்கெனவே பெயருக்குத்தான் இருந்தது. முடக்கில் திரும்ப முடியாமல் நேரே போய்த் தேயிலைச் செடிகளின் மேல் விழுந்தேன். அடர்ந்து வளர்ந்திருந்த செடி என்னை ஒரு மெத்தையைப் போலத் தாங்கிக்கொண்டது. அடுத்திருந்த நம்பர் மலை (இலக்கமிட்ட தேயிலைப் பகுதி) அந்த மாதம்தான் கவ்வாத்து வெட்டப்பட்டு, செடிகள் நறுக்கப்பட்டுக் கூர்க்கூராகக் கட்டைகள் நின்றன. அங்கே விழுந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருப்பேனா என்பது சந்தேகமே.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது மலைநாட்டிலும் பலர் சைக்கிளைத் தேடி வாங்கினார்கள். அவற்றுள் பல இன்று லயத்துத் தாழ்வாரங்களில் காற்றிறங்கிக் கிடக்கின்றன. புதிதாக ஒன்றும் வாங்காமல், அவற்றைத் துடைத்துச் சீர்செய்தே ஒரு பாடசாலையின் பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.

இடமும் காலமும்

பயிற்சிக்குக் குறைந்தது ஒரு வலைப்பந்துத் திடலின் அளவுக்குச் சமதரை வேண்டும். பாடசாலை மைதானம், தோட்ட மைதானம், பெரட்டுக்களம், கோயில் முன்றல் என எதுவும் பொருந்தும். ஸ்டோர் முற்றம் நல்ல கொங்கிறீட் தரையாக இருக்கும் என்றாலும், கொழுந்து லொறி வந்து போகும் இடமாதலால், தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெற்று லொறி வராத நேரத்தில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். சமதரையை ஒட்டி மெல்லிய சரிவு ஒன்று இருந்தால் அதுவே சிறந்த இடம். அந்தச் சரிவு பின்னர் பெரிதும் பயன்படும்.

காலத்தைத் தெரிவு செய்வதில் மலையின் எந்தப் பக்கத்தில் இருக்கின்றோம் என்பதைப் பார்க்க வேண்டும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா போன்ற மேற்குச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாமல் கொட்டும்; அங்கே ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்கள்தான் வாய்ப்பானவை. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்கள் காய்ந்திருக்கும். மழை ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். எந்தப் பக்கமானாலும் மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது வழக்கம் என்பதால், பாடசாலை விட்ட பின் 2 மணிக்குப் பயிற்சி வைப்பதைக் காட்டிலும் சனிக்கிழமை காலை வைப்பது நல்லது. இடி கேட்டால் மைதானத்தில் யாரும் நிற்கக்கூடாது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்லில் உறைபனி படிந்து வழுக்கும். அங்கே வெயில் ஏறிய பின்னரே தொடங்க வேண்டும்.

எந்த வகுப்புப் பிள்ளைகளைச் சேர்ப்பது என்ற கேள்வி எப்போதும் எழும். தரம் 5 பிள்ளைகளைப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முன் எதற்கும் அழைக்க முடியாது. அழைத்தால் பெற்றோர் நம்மை மன்னிக்க மாட்டார்கள். தரம் 6, 7 பிள்ளைகளே பொருத்தமானவர்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, வருகின்ற வாகனத்தின் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்து மதிப்பிடும் ஆற்றல் முதிர்ந்திருக்காது. அவர்கள் மைதானத்துக்குள் எவ்வளவும் ஓட்டலாம், வீதிக்குத் தனியே அனுப்பக்கூடாது. ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற அளவில் ஆட்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் உதவியை நாடலாம். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மூன்று சைக்கிள்கள் இருந்தாலே போதும். ஒருவர் ஓட்டும்போது அவர் என்ன பிழை விடுகின்றார் என்பதைப் பார்த்துச் சொல்லும் பிள்ளை, தானே ஓட்டும் பிள்ளையைவிடக் குறைவாகக் கற்பதில்லை.

சைக்கிளின் அளவு

நம் குடும்பங்களில் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்குவதைப் போலவே சைக்கிளும் வாங்கப்படுகின்றது: வளர்ந்துவிடுவான், பெரிதாகவே எடுப்போம் என்று. சப்பாத்துக்குள் துணியைத் திணித்துச் சமாளிக்கலாம்; சைக்கிளில் அது முடியாது. பழகும் பிள்ளை சீட்டில் அமர்ந்த நிலையில் இரண்டு பாதங்களையும் தரையில் முழுமையாக ஊன்ற வேண்டும். ஆறு முதல் ஒன்பது வயதுவரை 20 அங்குலச் சில்லும், அதன் பின் 24 அங்குலமும், பதின்ம வயதில் 26 அங்குலமும் பொதுவாகப் பொருந்தும் என்றாலும், வயதைவிடக் காலின் நீளமே கணக்கு. நன்றாக ஓட்டப் பழகிய பிறகு சீட்டை உயர்த்தலாம்: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நீண்டிருக்க வேண்டும்.

கையின் அளவை யாரும் பார்ப்பதில்லை. பிள்ளை கைப்பிடியைப் பிடித்தபடியே இரண்டு விரல்களால் பிரேக் நெம்பை எட்டிப் பிடிக்க முடிகின்றதா என்று பார்க்க வேண்டும். எட்டாவிட்டால், பெரும்பாலான நெம்புகளில் அதைக் கைப்பிடிக்கு அருகே கொண்டுவரும் சிறு திருகாணி ஒன்று இருக்கும். அதைத் திருகிச் சரிசெய்யலாம். எட்டாத பிரேக், இல்லாத பிரேக்தான்.

ஓட்டுமுன் பார்க்க வேண்டியவை

ஒவ்வொரு முறையும் சைக்கிளில் ஏறுமுன் பிள்ளை தானே இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும். அப்பா செய்து கொடுப்பது பழக்கமாகாது.

முதலில் காற்று. டயரைப் பெருவிரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கக் கூடாது. எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். அடுத்தது பிரேக். சைக்கிளை முன்னே தள்ளிக்கொண்டு ஒரு நெம்பை மட்டும் அழுத்த வேண்டும். முன்பிரேக் பிடித்தால் பின்சில்லு தரையைவிட்டு எழும்பும். பின்பிரேக் பிடித்தால் பின்சில்லு சுழலாமல் இழுபடும். எந்தக் கை எந்தச் சில்லுக்கு என்பதைப் பிள்ளை இப்படித்தான் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இரவல் சைக்கிளாக இருந்தால் இது இரட்டிப்பு அவசியம். முழு வலுவுடன் அழுத்தும்போதும் நெம்புக்கும் கைப்பிடிக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும்.

பிறகு பிரேக் கம்பி. அறுவதற்கு முன் அது எச்சரிக்கை கொடுக்கின்றது என்பதை நான் விழுந்த பின்னரே அறிந்தேன். நெம்புக்குள் கம்பி நுழையும் இடத்தையும் பிரேக்கில் அது இறுக்கப்பட்டிருக்கும் இடத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், முறுக்கியிருக்கும் மெல்லிய இழைகளில் ஒன்றிரண்டு பிரிந்து தலைமயிர்போல வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். விரலால் தடவினால் குத்தும். ஓர் இழை குத்தினாலும் அந்தச் சைக்கிள் அன்றைக்கு இறக்கத்தில் இறங்கக் கூடாது. புதுக் கம்பியின் விலை மிகச் சிறியது. ஓய்வுநேரத்தில் வீட்டிலேயே மாற்றிவிடலாம். பிரேக் கட்டையில் வெட்டப்பட்டிருக்கும் கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். மலையில் கட்டைகள் சமவெளியைவிட மிக விரைவாகத் தேயும்.

சங்கிலி, சில்லின் இறுக்கம், கைப்பிடியின் நேர் ஆகியவற்றை ஒரு பார்வை பார்த்தால் போதும். ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் நேராக அமர வேண்டும், பட்டியின் அடியில் ஒரு விரல் மட்டுமே நுழைய வேண்டும், ஒருமுறை பலமாக அடிபட்டதை மீண்டும் அணியக் கூடாது. அப்பாவின் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டைப் பிள்ளைக்கு மாட்டிவிடுவது பாதுகாப்பாகாது. அதன் பாரமே கழுத்தைச் சாய்த்துவிடும்.

பெடல் இல்லாத முதல் நாட்கள்

பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடும் அப்பாவின் காட்சி எவ்வளவு உருக்கமானது என்றாலும், கற்பிக்கும் முறையாக அது மிக மோசமானது. பிடித்திருப்பவரின் கைதான் சமநிலையைக் காக்கின்றது. பிள்ளையின் உடலுக்கு அது தெரியவருவதே இல்லை. பக்கத்தில் பொருத்தும் சிறு சில்லுகளும் அவ்வாறே. அவற்றை வைத்து ஓட்டும் பிள்ளை திரும்பும்போது சாயாமல் இருக்கக் கற்றுக்கொள்கின்றது. சைக்கிளோ சாய்ந்துதான் திரும்பும்.

பெடல்கள் இரண்டையும் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான சைக்கிள்களுக்கு 15 மில்லிமீற்றர் ஸ்பேனர் பொருந்தும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். அதை மணிக்கூட்டு முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலங்கொண்ட மட்டும் இறுக்கி மரையைக் கெடுத்தவர்கள் எங்கள் பகுதியில் பலர். சீட்டைத் தாழ்த்திவிட்டுப் பிள்ளையை அமர்த்தி, முதலில் நடக்கச் சொல்லுங்கள். பிறகு நீண்ட அடி வைக்கச் சொல்லுங்கள். அதன்பின் இரண்டு கால்களாலும் ஒருசேரத் தரையை உந்தி, கால்களைத் தூக்கி மிதக்கச் சொல்லுங்கள். கண் முன்சில்லைப் பார்க்கக் கூடாது; பத்து மீற்றர் தொலைவில் ஒரு சாக்குப்பையை வைத்து அதைப் பார்க்கச் சொல்லலாம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வாய்விட்டு எண்ணும்வரை கால் படாமல் மிதந்தால், சமநிலை வந்துவிட்டது என்று கொள்ளலாம். சில பிள்ளைகளுக்கு இது அரைமணி நேரத்தில் வரும். சிலருக்கு மூன்று சனிக்கிழமைகள் பிடிக்கும். தாமதமாக வருகின்ற பிள்ளைகள் பிற்காலத்தில் கவனமாக ஓட்டுகின்றார்கள் என்பது என் கணிப்பு.

நிறுத்தும் பாடம்

பெடல்களைத் திரும்ப மாட்டுவதற்கு முன்பே நிறுத்தப் பழக்க வேண்டும். பிள்ளை மிதந்து வரும்போது சுண்ணாம்புக் கோடு ஒன்றில் முன்சில்லு நிற்கும்படி பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் காலைத் தரையில் தேய்த்தே நிறுத்தப் பார்ப்பார்கள். சமதரையில் அது பலிக்கும். இறக்கத்தில் செருப்பு மட்டுமல்ல, பெருவிரலும் போய்விடும். எனவே கால் தரையில் படுமுன் சில்லு நின்றிருக்க வேண்டும் என்பதை விதியாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு பிரேக்குகளையும் ஒன்றாக, ஈரத்துணியைப் பிழிவதுபோலப் படிப்படியாக அழுத்த வேண்டும். பிரேக் பிடிக்கும்போது உடலின் பாரம் முன்னோக்கிப் பாய்வதால், உண்மையில் சைக்கிளை நிறுத்துவது பெரும்பாலும் முன்பிரேக்தான். ‘முன்பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்’ என்று பெரியவர்கள் சொல்லிவைப்பது அரை உண்மை. முன்பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் தூக்கி எறியும். பின்பிரேக்கை மட்டும் பிடித்தால் பின்சில்லு வழுக்கிக்கொண்டே போகும், சைக்கிள் நிற்காது. இரண்டையும் சேர்த்து அழுத்தி, இடுப்பைச் சீட்டின் பின்பக்கத்துக்கு நகர்த்தி, கைகளை நீட்டிக்கொள்வதே சரியான முறை. பெடல் மாட்டிய பின்னும் இதே பயிற்சியை, நடையின் வேகத்திலும் ஓட்டத்தின் வேகத்திலும், ஒவ்வொரு வாரமும் முதற்பாடமாகச் செய்ய வேண்டும்.

இறக்கம்

இங்கிலாந்தின் பாடசாலைகளில் 2007 முதல் ‘பைக்கபிலிட்டி’ என்னும் பயிற்சி நடைபெறுகின்றது. அதில் மூன்று நிலைகள் உண்டு: மைதானம், நெரிசலற்ற வீதி, நெரிசல் மிகுந்த வீதி. நல்ல ஏற்பாடுதான், அதே வரிசையை நாமும் பின்பற்றலாம். ஆயினும் நம் பிள்ளைகளுக்கு முதலாம் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் நடுவில் இறக்கம் என்று தனியாக ஒரு நிலை வேண்டும். அதைத் தாண்டாத பிள்ளை வீதிக்குப் போகக் கூடாது.

ஏன் என்பதைச் சிறு கணக்கொன்று விளக்கும். பத்து மீற்றர் தூரத்துக்கு ஒரு மீற்றர் தாழும் சரிவு நம் தோட்டப் பாதைகளில் சாதாரணம். அதில் பிரேக் பிடிக்காமல் இருபது மீற்றர் உருண்டாலே வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றராகிவிடும். அந்த வேகத்தில் ‘ஐயோ’ என்று நினைக்கும் ஒரு விநாடிக்குள் சைக்கிள் ஐந்தரை மீற்றர் கடந்துவிடும். பிரேக் பிடிக்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். வேகம் இரு மடங்கானால் நிற்கத் தேவையான பிரேக் தூரம் நான்கு மடங்காகும். இறங்கத் தொடங்கிய பின் வேகத்தைக் குறைப்பதைவிட, வேகமே ஏறாமல் பார்த்துக்கொள்வது எளிது என்பதைப் பிள்ளை மனனம் செய்ய வேண்டியதில்லை. சரிவில் அதை உணர வேண்டும்.

மைதானத்தை ஒட்டிய மெல்லிய சரிவில், அடியிலிருந்து மூன்று மீற்றர் மேலே மட்டும் சைக்கிளை ஏற்றி வைத்துத் தொடங்குங்கள். பிள்ளை இரண்டு பிரேக்குகளையும் பிடித்தபடி அமர்ந்து, மெல்லத் தளர்த்தி, நடையின் வேகத்தில் இறங்கி, அடியில் உள்ள கோட்டில் நிற்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் நடந்து வாருங்கள். நீங்கள் ஓட வேண்டியிருந்தால் அது வேகம் கூடிவிட்டதன் அடையாளம். மூன்று முறை பிசகாமல் நின்றால் ஆறு மீற்றருக்கு ஏறலாம், பிறகு பன்னிரண்டுக்கு. இறக்கத்தின் நடுவில் ‘நில்’ என்று எதிர்பாராமல் குரல் கொடுத்து நிறுத்தவும் பழக்குங்கள். இந்தப் பயிற்சியைப் பிள்ளைகள் விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள்: யார் மிக மெதுவாக இறங்குவது என்று போட்டி வைத்தால் போதும். வேகத்துக்குப் போட்டி வைக்காத இடம் உலகில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

முடக்குக்கு வரும்போது விதி ஒன்றுதான்: பிரேக் முடக்குக்கு முன், முடக்குக்குள் அல்ல. சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும் சில்லைப் பிரேக்கால் இறுக்கினால், சிதறிக் கிடக்கும் சல்லிக்கல்லோ கொழுந்து லொறியிலிருந்து விழுந்து மசிந்த இலையோ அதை வழுக்கிவிடும். வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்க வேண்டும். கண் முடக்கின் மறுமுனையைத் தேட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பாதையின் நீளத்துக்குள் நிற்க முடியாத வேகம் எதுவானாலும் அது அதிவேகமே.

நீண்ட இறக்கம் வேறொரு சங்கதி. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. நானுஓயா ரயில் நிலையமோ ஏறத்தாழ 1620 மீற்றர். பிள்ளையும் சைக்கிளுமாக 50 கிலோ எடை 100 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும்போது பிரேக் கட்டையும் ரிம்மும் தேய்ந்து உண்டாகும் வெப்பம், ஒரு சிறு கோப்பைத் தேநீருக்கான தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. நுவரெலியாவிலிருந்து நானுஓயாவுக்கு இறங்குவது இரண்டு கோப்பைக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய பிரச்சினை, பிள்ளையின் சிறிய கை களைத்துப்போவது. விரல் மரத்துப்போனால் பிரேக் நல்லதாக இருந்தும் பயனில்லை. எனவே நீண்ட இறக்கங்களில் ஒவ்வொரு முடக்கையும் தாண்டி, பார்வை தெரியும் நேர்ப்பாதையில் ஓரமாக நின்று கையை உதறிவிட்டுத் தொடர வேண்டும். வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையில் மிகச் செங்குத்தான துண்டு இருந்தால், அந்தத் துண்டில் இறங்கி நடப்பதே பயிற்சியின் ஒரு பகுதி. ஏற்றத்திலும் அப்படியே; தள்ளிக்கொண்டு ஏறுவதில் வெட்கம் எதுவுமில்லை. சங்கிலி வலப்பக்கத்தில் இருப்பதால் இடப்பக்கம் நின்று தள்ளினால் வெள்ளைச் சீருடையில் கிரீஸ் படாது.

மழையில் நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைத்தெடுக்க வேண்டும். சில்லு இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிய பின்னரே பிடி கிடைக்கும். அதனால் மழைநாளில் வெகு முன்னதாகவே மெல்லப் பிடிக்கத் தொடங்க வேண்டும். பாசி பிடித்த கொங்கிறீட் பாதையில் எந்தத் திறமையும் உதவாது. அங்கே நடக்க வேண்டும்.

வீதிக்கு இறங்குதல்

முதல் குழப்பம் நாமே உண்டாக்கியது. நடந்துபோகும்போது எதிரே வரும் வாகனம் தெரியும்படி வலப்பக்கமாகப் போ என்று சிறு வயதிலிருந்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றோம். சைக்கிளில் ஏறிய பிள்ளை பழக்கத்தால் வலப்பக்கமே போகும். சைக்கிள் ஒரு வாகனம். அது இடப்பக்கம்தான் போக வேண்டும் என்பதை வாயால் சொன்னால் போதாது. மைதானத்தில் கயிறு கட்டி வீதியை அமைத்து, நடப்பவர்கள் வலம், ஓட்டுபவர்கள் இடம் என்று எதிரும் புதிருமாகப் பழக்க வேண்டும்.

இடப்பக்கம் என்றதும் பிள்ளை பயத்தில் ஓரத்தோடு ஓரமாக ஒட்டிக்கொள்ளும். மலைவீதியின் ஓரத்தில் ஒன்றில் கான் (வடிகால்) இருக்கும், அல்லது பள்ளம் இருக்கும். கான் இருக்கும் பக்கத்தில் அதன் விளிம்பிலிருந்து ஒரு மீற்றர் தள்ளியே ஓட்ட வேண்டும். விளிம்பை உரசி ஓட்டினால், பஸ்ஸின் ஹோர்ன் சத்தத்துக்கு லேசாகத் திடுக்கிட்டாலே சில்லு கானுக்குள் இறங்கிவிடும். பள்ளம் இருக்கும் பக்கத்தில், பின்னால் வாகனம் வந்து ஒதுங்க நேர்ந்தால், புல் முளைத்த ஓரத்துக்குப் போகக் கூடாது. மழைக்குப் பின் அந்த மண் பொலபொலவென்று சரியும். தார் இருக்கும் இடத்திலேயே நின்று இடக்காலை ஊன்றி வாகனத்தைப் போகவிட வேண்டும். ஒடுங்கிய பாதையில் ஏறிவரும் வாகனத்துக்கு இறங்குபவர் வழிவிடுவது மலைச் சாரதிகளின் வழக்கம். சைக்கிளுக்கும் அதுவே முறை. முடக்கில் நீண்ட ஹோர்ன் கேட்டால், மறுபக்கம் பஸ் வளைந்து வருகின்றது, அது வீதியின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும் என்று பொருள்.

பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே நேராக ஓட்டுவது வீதியில் மிக அவசியமான கலை. இதற்கு ஓர் எளிய பயிற்சி உண்டு. நீங்கள் பின்னால் நின்று விரல்களைக் காட்டுங்கள். பிள்ளை நேர்கோட்டில் ஓட்டியபடியே வலத்தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். கோடு விலகாமல் பத்தில் ஒன்பது முறை சரியாகச் சொன்னால், வலக்கையை நீட்டிச் சைகை காட்டப் பழக்கலாம். பிரதான வீதியில் வலப்பக்கம் திரும்புவதைப் பாடசாலைப் பிள்ளைகள் ஓட்டியபடி செய்யவே வேண்டாம். இடப்பக்கம் நின்று இறங்கி, பாதசாரிக் கடவையால் தள்ளிக்கொண்டு போகட்டும். ரயில் கடவையில் தண்டவாளத்தைக் குறுக்காக, நேர்கோணத்தில் தாண்ட வேண்டும். சாய்வாகப் போனால் சில்லு தண்டவாள இடுக்கில் சிக்கும். மழையில் அந்த இரும்பு சவர்க்காரம்போல வழுக்கும்.

மூடுபனியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பாடசாலைச் சீருடை வெள்ளை. இரவில் வெள்ளை தெரியும்; பட்டப்பகல் மூடுபனியில் வெள்ளை கரைந்துவிடும். நானுஓயாப் பக்கத்தில் பத்து மீற்றருக்கு அப்பால் ஒரு கறுத்த புத்தகப்பை மட்டும் தானாக மிதந்து வருவதைப் பார்த்திருக்கின்றேன். பக்கத்தில் வந்த பிறகுதான் அதைச் சுமந்த பிள்ளை தெரிந்தது. செம்மஞ்சள் அல்லது மஞ்சள் நிற மழைக்கோட்டு, முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, பையில் ஒட்டிய ஒளிதெறிக்கும் பட்டி ஆகியவை இருந்தால்தான் பனியில் ஓட்டலாம். இல்லையேல் அன்றைக்கு நடைதான்.

குடும்பத்தின் பங்கு

பெரும்பாலான தாய்மார் காலையில் பெரட்டுக்குப் போனால் மாலையில்தான் வீடு திரும்புவார்கள்; தந்தை கொழும்பில் இருப்பார். சனிக்கிழமை மைதானத்துக்கு வருவது அக்காவும் அம்மாயியும்தான். அதனால் பெற்றோர் என்று அழைப்புக் கடிதம் எழுதாமல், வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் யாரோ அவரை அழையுங்கள். ஒரு முறை தரம் 8 மாணவி ஒருத்தியின் தாய் என்னிடம் வந்து, “சேர், மகள் பெரிய புள்ளயாகிட்டா. இனி சைக்கிள் எல்லாம் எதுக்கு?” என்று கேட்டார். நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற அம்மாயி, “நீயும் நானும் கூடையத் தூக்கிக்கிட்டு இந்த மலைய ஏறி இறங்கலயா? அப்ப யாரும் எதுக்குன்னு கேக்கலயே” என்றார். அந்த மாணவி அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். பெண்பிள்ளைகளுக்குத் தடையாக இருப்பவை பல வேளைகளில் சிறிய விடயங்கள்: பாரில்லாத தாழ்ந்த சட்டகம் கொண்ட சைக்கிள், சங்கிலியை மூடும் கவசம், சீருடைக்கு உள்ளே அணிய ஒரு நீளக் காற்சட்டை. இவை கிடைத்தால் பாதித் தடை நீங்கும். மறுபாதிக்கு அம்மாயிகள் வேண்டும்.

தம்பி, தங்கையைப் பின்கரியரில் ஏற்றிவருவதைப் பயிற்சி முடிந்து ஒரு வருடமாவது தள்ளிப்போடுங்கள். தொங்கும் சிறு கால் பின்சில்லின் கம்பிகளுக்குள் சிக்கிக் குதிகால் சிதைவது மிகவும் கொடிய காயம். புத்தகப்பையைக் கைப்பிடியில் தொங்கவிடக் கூடாது. கரியரில் இறுக்கிக் கட்ட வேண்டும்.

விழுந்த காயத்தை ஓடும் சுத்தமான நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவ வேண்டும். கோப்பித்தூளோ தேயிலைத்தூளோ வைக்கக் கூடாது. மண் பட்ட காயமென்றால் ஏற்புவலி (டெட்டனஸ்) ஊசியைப் பற்றி வைத்தியசாலையில் கேளுங்கள். தலையில் அடிபட்ட பின் வாந்தியோ தூக்கக் கலக்கமோ இருந்தால் உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸைப் பெறலாம்.

பாடசாலைக்கு முதற் பயணம்

முதற் பயணத்தைச் சைக்கிள் இல்லாமல் செய்யுங்கள். பிள்ளையோடு வீட்டிலிருந்து பாடசாலைவரை நடந்து, எங்கே கான் திறந்திருக்கின்றது, எந்த முடக்கில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, எந்த வீட்டு நாய் துரத்தும், எங்கே இறங்கி நடக்க வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தைப் பிள்ளையே வரையட்டும். நாம் கவனிக்காத குழியை அது வரைந்திருக்கும். நாய் துரத்தினால் வேகமாக ஓட்டக் கூடாது, இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதை அங்கேயே நடித்துக் காட்டலாம்.

அடுத்த சனிக்கிழமை அதே வழியில் சைக்கிளில் போங்கள். பெரியவர் பின்னால், சற்று வலப்பக்கமாக வர வேண்டும். பெரியவருக்குச் சைக்கிள் இல்லையென்றால் இறக்கங்களின் அடியிலும் முடக்குகளிலும் குடும்பத்தில் ஒவ்வொருவர் நிற்கலாம். மூன்றாம் முறை பிள்ளை முன்னே போகட்டும், நீங்கள் ஒன்றும் பேசாமல் பின்னால் வாருங்கள். எல்லா இறக்கங்களிலும் அது தானாகவே பிரேக் பிடித்து, குறித்த இடத்தில் தானாகவே இறங்கி நடந்தால், திங்கட்கிழமை தனியே அனுப்பலாம். ஒரே ஓர் இடத்தில் நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தாலும் இன்னொரு சனிக்கிழமை தேவை.

திங்கட்கிழமை மாலை பிள்ளை திரும்பியதும், அன்று மழை பெய்திருந்தால், பழைய துணியால் ரிம்மையும் சங்கிலியையும் துடைத்து, சங்கிலியில் நாலு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள். ரிம்மில் மட்டும் எண்ணெய் படக் கூடாது.